பூனையைக் கடித்த நாய்: செலவு யாருடையது?

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. வாசல் கதவு சரியாகத் தாழிடப்படாததால் சென்ற வாரம் தெருவுக்கு ஓடி, பக்கத்து வீட்டம்மாவின் பூனையைக் கவ்வி உதறிவிட்டது. விலாப்பக்கம் இரண்டு சிறிய பல் தடங்கள் மட்டுமே தெரிந்தன; பூனை தானாகவே நடந்து போனது. இப்போது அறுவைச் சிகிச்சை வரை போய்விட்டதாகச் சொல்லி, பெரிய தொகைக்கான ரசீதைக் காட்டுகிறார். பூனையைத் துரத்துவது நாயின் இயல்பு, பூனையை அவர் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டியதுதானே என்கிறார் என் கணவர். சில மாதங்களுக்கு முன் தெருவில் திரிந்த ஒரு பூனைக்குட்டியையும் இது கொன்றுவிட்டது. அதற்கு உரியவர் யாரும் இல்லாததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பணம் கொடுக்க வேண்டுமா? நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பணத்தைக் கொடுத்துவிடுங்கள், முழுத் தொகையையும். பேரம் பேசாமல், அவர் இரண்டாவது முறை கேட்பதற்கு முன்பாகக் கொடுப்பது நல்லது.

வெளியே இரண்டே புள்ளிகள் இருக்க, உள்ளே அறுவைச் சிகிச்சை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் நாய்க்கடியின் தன்மையே அதுதான். சிறு பிராணியைக் கவ்வும் நாய் பல்லைப் பதித்ததோடு நிற்பதில்லை, தலையை இருபுறமும் வேகமாக உதறும். பூனையின் தோல் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருப்பதால் பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். அடியிலுள்ள தசை அவ்வாறு நகர முடியாமல் கிழியும். மேலே மிளகளவு துளை மட்டும் இருக்கும், அதையும் ரோமம் மூடிவிடும். தாடையின் அழுத்தத்தில் விலா எலும்பு முறியலாம், நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மூச்சுத் திணறலாம், வயிற்றுச் சுவர் கிழிந்து குடல் தோலுக்கடியில் பிதுங்கலாம். நாயின் வாயிலுள்ள கிருமிகள் சிதைந்த தசைக்குள் அடைபட்டு, சில நாட்களில் சீழ் பிடிக்கும். வலியை மறைத்துக்கொள்வது பூனையின் வழக்கம் என்பதால், அது நடந்து போனதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எக்ஸ்-ரே எடுப்பதும், மயக்க மருந்து கொடுத்துக் காயத்தைத் திறந்து சுத்தம் செய்வதும் இத்தகைய கடிக்கு வழக்கமான சிகிச்சைதான். அந்த அம்மாள் உங்களிடம் எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

உங்கள் நாயின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் பணத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பூனைக்கு மருத்துவம் பார்ப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார். ஊசி தவறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: கடிபட்ட பூனைக்கு வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம். பூனையின் உடலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

உங்கள் கணவர் சொல்லும் இயல்புக்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மைதான். உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்ற வேட்டை வரிசை நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. ஆட்டு மந்தையை மேய்க்கும் இனங்களில் முதல் மூன்றை வளர்த்து, கடைசி இரண்டை மட்டுப்படுத்தும் வகையில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். எனவே பூனையைத் துரத்தியதால் அது கெட்ட நாய் ஆகிவிடாது, நாளை மனிதரைக் கடிக்கும் என்றும் பொருளில்லை. ஆனால் இயல்பு என்று தெரிந்திருந்தால் தாழ்ப்பாளை யார் சரிபார்த்திருக்க வேண்டும்? பூனை உங்கள் வளவுக்குள் புகுந்து கடிபட்டிருந்தால், பொறுப்பில் ஒரு பங்கு அந்த அம்மாளுக்கும் உண்டு என்று நான் ஒப்புக்கொண்டிருப்பேன். இது தெருவில் நடந்தது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஓடியது நாய்தான்.

என்னை அதிகம் உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பூனைக்குட்டி. அதற்காக ரசீதை நீட்ட யாரும் வரவில்லை என்பதால் அந்தச் சம்பவம் உங்கள் வீட்டில் கணக்கில் வராமலே போயிருக்கிறது. நாய் வளர்ப்பவரின் பொறுப்பைப் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், இந்த நாய் இப்படிச் செய்யும் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்ற கேள்வி பல இடங்களில் எழும். உங்களுக்கு அன்றிலிருந்தே தெரியும். எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று சொல்லும் உரிமை அந்தக் குட்டியோடு போய்விட்டது.

இனி கதவு தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும்படி செய்யுங்கள். முடிந்தால் உள்பக்கம் இன்னொரு தடுப்பும் வையுங்கள். வெளியே போகும்போது கயிறு கையில் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை, பூனை ஓடத் தொடங்கிய நொடியில் பயன்படாது. கூடை வடிவ வாய்ப்பூட்டைப் பொறுமையாகப் பழக்கினால், நாய் அதோடு மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். கடித்ததற்காக இப்போது அடிப்பதில் பயனில்லை. எதற்காக அடிபடுகிறோம் என்று அதற்கு விளங்காது.

நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்க இப்போதே அவசரப்பட வேண்டாம். கதவையும் கயிற்றையும் ஒழுங்குபடுத்தினால் உங்களிடமே அது நன்றாக இருக்கும். இவையெல்லாம் உங்களால் தொடர்ந்து முடியாது என்று நீங்கள் இருவரும் உண்மையாகவே முடிவுக்கு வந்தால், பூனையோ கோழியோ முயலோ இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுங்கள். பூனைக்குட்டியைக் கொன்றதையும், இந்தப் பூனையைக் கடித்ததையும் வாங்குபவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.