கதிரியக்கத் தூசி பற்றிய சர்ச்சை 1950களில் ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது?

அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசி குறித்து அறிவியலாளர்களே ஏன் இரு அணிகளாகப் பிரிந்தனர் என்று கேட்டிருக்கிறீர்கள். சர்ச்சையை உலகறியச் செய்தது, 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய காசில் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டுச் சோதனை. குண்டின் எரிபொருளில் இருந்த லித்தியம்-7 வெடிப்பில் பங்கேற்காது என்று வடிவமைப்பாளர்கள் கருதியிருந்தனர். ஆனால் நியூட்ரான்கள் தாக்கியதும் அது பிளந்து, அணு இணைவுக்கு எரிபொருளாகும் டிரிட்டியத்தைத் தந்ததால், சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்) என்று எதிர்பார்த்த ஆற்றல் 15 மெகாடனாக உயர்ந்தது. வெடிப்பின் கதிரியக்கச் சாம்பல் அருகிலிருந்த ரோங்கெலாப் தீவு மக்கள் மீதும், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்த 23 பேர் மீதும் படிந்தது. அந்த 23 பேரில் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார்.

உலகெங்கும் பரவிய மிகச் சிறிய அளவுக் கதிர்வீச்சும் தீங்கு செய்யுமா என்பதே அறிவியல் கேள்வி. கால்சியத்தை ஒத்த, அணு வெடிப்பில் உருவாகும் கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 பால் வழியாகக் குழந்தைகளின் எலும்பில் சேர்வதைச் சுட்டி, எந்த அளவும் ஆபத்தே என்றார் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங். அந்த ஆபத்து பொருட்படுத்தத் தக்கதல்ல என்றார் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவரான இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர். சான்றுகள் குறைவாக இருந்ததைவிடப் பெரிய சிக்கல், குண்டு தயாரித்த அமெரிக்க அணுசக்தி ஆணையமே அதன் பாதுகாப்பையும் மதிப்பிட்டது என்பதுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சோதனைகளை நிறுத்தக் கோரி 9,000க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட மனுவை 1958இல் பாலிங் ஐ.நா.விடம் அளித்தார், வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963இல்தான் கையெழுத்தானது.