ஒரே கிடாயை நாலு வருசம் வைத்திருக்கலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) 30 மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். நாலு வருசமாக ஒரே பொலிகிடாய்தான். இப்போது குட்டிகள் சிறுத்துப் பிறக்கின்றன. மூன்று ஆடுகள் நாலாம் மாதத்தில் குட்டியை வீசிவிட்டன (கருச்சிதைவு). கிடாயை மாற்றினால் சரியாகுமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

பெட்டையின் குறை அதன் குட்டியோடு நிற்கும்; கிடாயின் குறை பட்டி முழுக்க இறங்கும்.

முதலில் பிறந்த பெட்டைகள் இப்போது அப்பனுக்கே சினையாகின்றன அல்லவா? எவ்வளவு நல்ல கிடாயிடமும் சில கெட்ட மரபணுக்கள் மறைந்திருக்கும். ஒற்றையாக இருக்கும்வரை பெரும்பாலும் வெளியே தெரியாது. அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியின் மரபணுக்களில், சராசரியாக 25 சதவீதத்தில் அப்பனுடைய ஒரே பிரதி இரண்டு பக்கமும் வந்து ஜோடி சேர்ந்துவிடும். எடை குறைவதும், பிறந்ததும் சாவதும் இதனால் கூடும். "அதன் மகன் நல்ல வாட்டசாட்டமாக இருக்கிறான், அவனையே விடலாம்" என்று பலர் செய்கிறார்கள். மந்தையில் பிறந்த பெட்டைகள் அவனுக்கு ஒரே அப்பன் வழித் தங்கைகள்தான், அப்போதும் 12.5 சதவீதம் இப்படி ஜோடி சேரும். வேறு பட்டிக் கிடாயாக வாங்கி, இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எனக்குக் கவலை தருவது குட்டி வீச்சுதான். கடைசி மாதங்களில் அடுத்தடுத்து வீசினால் புருசெல்லா கிருமியாக இருக்கலாம். வேறு கிருமிகளும் உண்டு, சோதித்தால்தான் தெரியும். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் அது ஏராளமாக இருக்கும், கிடாயின் விந்திலும் வரலாம். சோதிக்காமல் புதுக் கிடாயை விட்டால் அதுவும் வாங்கிக்கொள்ளும். கிடாயை இரவல் தருவதையும் வாங்குவதையும் இப்போதே நிறுத்துங்கள்.

வீசிய ஆடுகளைத் தனியே கட்டிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்லி ரத்தம் எடுக்கச் செய்யுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். உறை மாட்டி எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், நாய் தோண்டாதபடி. கர்ப்பிணிகள் பட்டிப் பக்கமே வர வேண்டாம். இது மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் இருந்தால், ஆடு வீசியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். வீசிய ஆட்டைக் கன்னிவாடிச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவருக்கு அது தெரியாது, அவர் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. முடிவு வரும்வரை உங்களிடமே இருக்கட்டும்; நோய் உறுதியானால் மருத்துவர் சொல்கிறபடி மந்தையிலிருந்து நீக்குங்கள்.