எடல்வைஸுக்குப் பாறைதான் பிடிக்குமா?

ஆல்ப்ஸ் மலைப் பூவான எடல்வைஸ் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: இது செங்குத்துப் பாறைகளில் மட்டும்தான் பூக்குமா?

பதில்: கதைகளில் அப்படித்தான். உண்மையில் சுமார் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் இருக்கும், வெயில் படும் புல்சரிவுகளிலும் இருக்கும். இதன் உறவுச் செடிகள் பெரும்பாலும் திபெத் பீடபூமி, இமயமலைப் பக்கத்தைச் சேர்ந்தவை, வெட்டவெளியில் வளர்பவை. உயரமான புல் நிழல் கட்டினால் எடல்வைஸ் தாக்குப்பிடிக்காது. பாறையில் அந்தப் போட்டி இல்லை, அவ்வளவுதான். அப்புறம், மனிதர்களும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டில் காதலிக்காக மலையேறி இதைப் பறித்து வருவது பெரிய வீரமாக இருந்தது. கைக்கு எட்டிய செடிகளெல்லாம் போனால், எட்டாதவைதானே மிஞ்சும்?

கேள்வி: இதழ்கள் ஏன் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கின்றன?

பதில்: அவை இதழ்களே அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். நடுவில் மஞ்சளாகத் தெரியும் பொட்டுகள்தான் பூக்கள். ஒவ்வொரு பொட்டிலும் நுண்ணிய பூக்கள் நெருக்கிக்கொண்டு இருக்கும். சூரியகாந்திக் குடும்பம் ஆயிற்றே! பஞ்சுபோன்ற முடிகள் காற்றில் ஈரம் போகாமல் காக்கின்றன. இன்னொரு வேலையும் உண்டு. ஒரு முடியின் தடிமன் சுமார் 10 மைக்ரோமீட்டர். அதன் மேல் இன்னும் மெல்லிய இழைகள் வரிவரியாக ஓடுகின்றன. உயரத்தில் கடுமையாக இருக்கும் புற ஊதாக் கதிர்களை இவை பிடித்துக்கொள்கின்றன, வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன. 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது.

கேள்வி: மலையேறப் போகிறேன். ஒன்று பறிக்கலாமா?

பதில்: வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஓப்வால்டன் மாநிலம் 1878இலேயே இதை வேரோடு பிடுங்கத் தடை போட்டது. பூதான் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் 2 சென்ட் யூரோ நாணயத்தில் இருக்கிறது, பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தேனீக்கள் வருமா?

பதில்: வரும். ஆனால் மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு ஈக்களுக்கு. காதல் பூவுக்கு ஈயா என்று முகம் சுளிக்காதீர்கள்; அந்தக் குளிரில் அவைதான் நம்பகமான ஆட்கள்.

கேள்வி: விதை வாங்கி முளைக்க வைத்தேன். செடி நெட்டையாக, பச்சையாக நிற்கிறது. வெண்மையே இல்லை.

பதில்: உரம் போட்டிருப்பீர்கள்! சத்தான மண்ணில் இது அப்படித்தான் ஆகும். மணலும் சரளையும் கலந்த ஏழை மண்ணுக்கு மாற்றுங்கள், முழு வெயிலில் வையுங்கள், தண்ணீர் தேங்கவே கூடாது. சரி, இவ்வளவும் செய்தாலும் மலையில் இருக்கும் வெண்மை தாழ்வான இடத்தில் முழுதாக வராது. அடுத்த முறை விதையை மண்ணில் புதைக்காமல் மேலே தூவுங்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்.