படுக்கைகளை எண்ணி முடிவுக்கு வராதீர்கள்

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். மூன்று ஐரோப்பிய நாடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மருத்துவ அமைப்புகள் எவ்வளவு நன்றாகச் செயல்படுகின்றன, நெருக்கடி வந்தால் எந்த அளவுக்குத் தாங்கும் என்று ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு தரவரிசையும் ஒவ்வொரு நாட்டை முதலிடத்தில் வைக்கிறது. எதை நம்புவது? எந்த அளவுகோல்களை எடுப்பது?

பதில்: தரவரிசை எதையும் எடுக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே 2000-இல் 191 நாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. பிரான்ஸ் முதலிடம், இத்தாலி இரண்டாமிடம். தரவு இல்லாத இடங்களை மதிப்பீடுகளைக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதிலும் பெரும் சர்ச்சை எழுந்தது. அதன்பின் அப்படியோர் ஒட்டுமொத்தப் பட்டியலை அந்த நிறுவனம் வெளியிடவே இல்லை.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் வேறு. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யும் ஐரோப்பியச் சுகாதார அமைப்புகள் ஆய்வகமும் ஐரோப்பிய ஆணையத்துக்காக 2017 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சுருக்க அறிக்கை தயாரிக்கின்றன. சிகிச்சையின் பலன், அது மக்களுக்கு எட்டும் விதம், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்கிறார்கள். அடியிலுள்ள குறிப்புகளையும் படியுங்கள். பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மாணவர்கள் முதலில் கைவைப்பது மருத்துவமனைப் படுக்கைகளில்தான். எண்ணுவதற்கு எளிது, அவ்வளவே. பல்கேரியா, ஜெர்மனி இரண்டிலும் 1,000 பேருக்கு ஏறத்தாழ 8 படுக்கைகள்; ஸ்வீடனில் 2 தான். ஆனால், உரிய நேரத்தில் நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளின் விகிதம் பல்கேரியாவில் ஸ்வீடனைவிட இரு மடங்குக்கும் அதிகம். அமைப்புக்குள் என்ன போகிறது என்பதைவிட, வெளியே என்ன வருகிறது என்பதுதான் உங்கள் கட்டுரைக்கு முக்கியம்.

இந்த 'சிகிச்சையால் தவிர்க்கக்கூடிய இறப்பு' என்னும் அளவுகோலைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். 75 வயதுக்குட்பட்டவர்களின் இறப்புகளை மட்டுமே இது கணக்கில் கொள்ளும். புகை, மது, விபத்து போன்றவை 'தடுக்கக்கூடிய இறப்பு' என்ற இன்னொரு பட்டியலில் வரும். மாரடைப்பும் பக்கவாதமும் எதில் சேரும்? தடுப்பும் கைகொடுக்கும், சிகிச்சையும் கைகொடுக்கும் என்பதால், பாதியை ஒரு பட்டியலிலும் பாதியை மற்றதிலும் போடுகிறார்கள். இந்தச் சரிபாதி ஒரு வசதிக்கான ஏற்பாடுதான். இதய நோய் மிகுந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளை எடுப்பதாக இருந்தால் கட்டுரையில் இதைச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை மக்களுக்கு எட்டுகிறதா என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் குடும்ப ஆய்வு இருக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கிறார்கள்: கடந்த 12 மாதங்களில் மருத்துவம் தேவைப்பட்டும் பெறாமல் இருந்தீர்களா, ஏன்? செலவு, தூரம், காத்திருப்பு ஆகிய மூன்று காரணங்களைச் சொன்னவர்களின் விகிதமே முதன்மை எண்ணாக வெளியாகிறது. 2023-இல் எஸ்டோனியா, கிரீஸ் இரண்டிலும் இது 10 சதவீதத்தைத் தாண்டியது. பட்டியலில் இரண்டும் அக்கம்பக்கம். காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்: எஸ்டோனியரைத் தடுப்பது பெரும்பாலும் சிறப்பு மருத்துவருக்கான காத்திருப்பு, கிரேக்கரைத் தடுப்பது பெரும்பாலும் பணம். காய்ச்சல் ஒன்று, நோய் வேறு. எனவே மருந்தும் வேறு. குடும்ப மருத்துவர் நோயாளியின் விவரங்களை மின்வழியில் சிறப்பு மருத்துவருக்கு அனுப்பி ஆலோசனை பெறும் ஏற்பாட்டை எஸ்டோனியா விரிவாக்கியது. சம்பளத்தின் அடிப்படையில் வேலை தருபவர்கள் செலுத்தும் வரியையே பெரிதும் நம்பியிருந்த காப்பீட்டு நிதிக்கு, 2018 முதல் ஓய்வூதியர்களுக்கான பங்கை அரசும் படிப்படியாகச் செலுத்தத் தொடங்கியது. கிரீஸில் மின்வழி ஆலோசனை மட்டும் போதாது. அங்கே மொத்த மருத்துவச் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கையிலிருந்து போகிறது.

தாக்குப்பிடிக்கும் திறனை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது. கொரோனாவுக்கு முன் 1,00,000 பேருக்கு ஜெர்மனியில் சுமார் 34 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், இத்தாலியில் 9-க்கும் குறைவு. இதோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். 2020 வசந்தத்தில் எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்பதை நாள்தோறும் பதியும் தேசியப் பதிவேட்டை ஜெர்மனி தொடங்கி, ஏப்ரலில் கட்டாயமாக்கியது. தகவல் இல்லாவிட்டால் காலிப் படுக்கை இருந்தும் பயனில்லை. நெருக்கடியின்போது சாதாரண சேவைகள் எவ்வளவு முடங்கின, தேங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைகளும் அறுவை சிகிச்சைகளும் எத்தனை காலத்தில் தீர்ந்தன என்று பாருங்கள். என் பார்வையில் கூடுதல் இறப்புக்கு (வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக நேர்ந்த இறப்புகளுக்கு) அடுத்த முக்கியச் சான்று இதுதான்.

வலுப்படுத்தும் முயற்சிகளுக்கு இத்தாலி நல்ல எடுத்துக்காட்டு. கொரோனாவுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் தந்த மீட்பு நிதியில் 1,350 சமூகச் சுகாதார இல்லங்களை, அதாவது வட்டார மருத்துவ மையங்களை, கட்டத் திட்டமிட்டு, 2023 திருத்தத்தில் 1,038 ஆகக் குறைத்தார்கள். கட்டடத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது. செவிலியர் எண்ணிக்கையோ மக்கள்தொகை விகிதப்படி ஐரோப்பிய ஒன்றியச் சராசரிக்குக் கீழே. ஒருமுறை வரும் நிதியைக் கொண்டு ஆண்டாண்டுக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. மருத்துவர்கள் வெளிநாடு போவதைத் தடுக்க ருமேனியா 2018-இல் அரசு மருத்துவமனைச் சம்பளங்களைக் கணிசமாக உயர்த்தியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

உங்களுக்கு எஸ்டோனியா, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்றும் பொருந்தும் என்று நினைக்கிறேன். 2019, 2021, 2023 ஆண்டுகளின் நாட்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். கூடுதல் இறப்பை 2020 முதல் 2022 வரை மொத்தமாகக் கணக்கிடுங்கள். முதல் அலை பல்கேரியாவைப் பெரிதாகத் தொடவில்லை. பேரிழப்பு 2020 இறுதியிலும் 2021-லும் நேர்ந்தது. முதல் ஆறு மாதங்களை மட்டும் எடுத்தால் இத்தாலி தோற்றது, பல்கேரியா வென்றது என்று எழுதிவிடுவீர்கள்.