1964 வாக்குகளை வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தை அதிகம் ஆதரித்தது குடியரசுக் கட்சிதான் என்று உங்கள் நண்பர் சொல்வது கணக்குப்படி சரி. 1964இல் மேலவையான செனட்டில் அக்கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். ஜனநாயகக் கட்சியில் 67 பேரில் 46 பேர். இதை மறுத்து வாதாடினால் தோற்பீர்கள்.

ஆனால் தெற்கை, அதாவது உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன 11 மாநிலங்களை, மட்டும் பாருங்கள். அங்கிருந்து வந்த 21 ஜனநாயகக் கட்சியினரில் ஆதரித்தவர் டெக்சாஸின் ரால்ஃப் யார்பரோ ஒருவரே. அங்கிருந்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் ஜான் டவரும் எதிர்த்தார். அப்புறம், சட்டத்தை எதிர்த்து வாக்களித்த செனட்டர் பாரி கோல்ட்வாட்டரைத்தான் குடியரசுக் கட்சி அதே ஆண்டு அதிபர் வேட்பாளராக்கியது. அவர் வென்றது சொந்த மாநிலமான அரிசோனாவும் தெற்கில் ஐந்து மாநிலங்களும் மட்டுமே.

அதற்காக, தெற்கின் ஆதரவு ஒரே இரவில் ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியது என்றும் எழுதிவிடாதீர்கள். கீழவையான பிரதிநிதிகள் சபையில் தெற்கின் பெரும்பான்மை இடங்கள் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது 1994 தேர்தலில்தான்.