சபையை விட்டு வெளியே வந்தபின் அப்பாவின் கடைசி நாட்கள்: எதை, எப்படிச் செய்வது?

நீங்கள் கேட்டது இது: காட்பாடி பக்கம் ஒரு கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன் வெளியே வந்துவிட்டீர்கள். அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய், முற்றிவிட்டது. அவரும் அம்மாவும் இன்னும் விசுவாசிகள். 'நீ பின்மாற்றம் அடைந்ததால்தான் (விசுவாசத்தை விட்டுப் போனதால்தான்) வீட்டுக்கு இந்த நோய்' என்று சபையார் சொல்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, நரக பயம் மட்டும் போகவில்லை. இந்தச் சாவை எப்படி எதிர்கொள்வது?

முதலில் அந்தப் பழியை இறக்கி வைத்துவிடுங்கள். இரைப்பைப் புற்று ஒரே வருடத்தில் முளைப்பது அல்ல. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பல வருடம் வயிற்றில் இருந்து புண்ணாக்குவது, புகையிலை, உப்பு மிகுந்த பதப்படுத்திய உணவு, பரம்பரை எல்லாம் சேர்ந்து மெல்ல வளர்வது. ஆரம்பத்தில் வெறும் நெஞ்செரிச்சல் போலத்தான் இருக்கும் என்பதால் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும். நீங்கள் சபையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது அங்கே இருந்திருக்கக் கூடும்.

அடுத்தது, வெளியே வந்தவர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது. சபை உங்களுக்குச் சாவைப் பற்றி ஒரு பதில் கொடுத்திருந்தது; அதோடு சாவு வீட்டுக்கு வேண்டிய ஆட்களையும் கொடுத்திருந்தது. யார் குளிப்பாட்டுவது, யார் பெட்டி சொல்வது, குழிக்கு யாரிடம் போவது, வந்தவர்களுக்கு யார் சமைப்பது என்று எதையும் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதில் இல்லாமல்கூட ஒருவர் துக்கத்தைத் தாங்கிவிடலாம். ஆள் இல்லாமல் தாங்குவது கடினம். அதனால் இன்றே ஒரு தாள் எடுத்து, வேலைக்கு ஒரு பெயர் என்று எழுதுங்கள்: ராத்திரி கூட இருக்க ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ஓட ஒருவர், பணம் கையாள ஒருவர், அம்மா பக்கத்திலேயே இருக்க ஒரு பெண், சாப்பாட்டுக்கு ஒருவர், வருகிறவர்களிடம் பேச ஒருவர். ஆறு பேர் போதும். வருடக்கணக்கில் பேசாத பெரியப்பா மகனோ தாய்மாமனோ இதற்குக் கூப்பிட்டால் வருவார்கள். நம் ஊரில் நல்லதுக்குக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள்கூடக் கெட்டதுக்குக் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள்.

இனி வலி. இதில் சமரசமே செய்யாதீர்கள். புற்றுநோயின் கடைசி வலிக்கு மார்பின் மாத்திரை கொடுப்பார்கள். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். 'வலித்தால் போடுவோம்' என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடு ராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணி வேளையை இரட்டிப்பாக எழுதித் தருவதும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி மாத்திரை சேர்ந்து போக வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் வயிறு உப்பி, 'இந்த மருந்து ஒத்துக்கல' என்று மார்பினையே நிறுத்திவிடுகிறார்கள். வலிக்கு அளவாக, மருத்துவர் சொன்னபடி கொடுக்கும் மார்பின் உயிரைச் சுருக்காது, நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கவும் செய்யாது. மாத்திரையை எண்ணிப் பூட்டி வையுங்கள். மிஞ்சினால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசுப் பக்கம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே செவிலியர் வருவதும் சேர்ந்தது; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். விவரம் தெரியாவிட்டால் 104க்குப் பேசுங்கள்.

'மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு' என்று அப்பாவே மறுக்கலாம். அவரோடு இறையியல் வாதம் வேண்டாம். சி.எம்.சி.யே ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் என்று அவருக்கு நினைவூட்டுங்கள். 'ஜெபமும் இருக்கட்டும்பா, மாத்திரையும் இருக்கட்டும்' என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

கடைசி சில நாட்களில் உடம்பில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களைப் போன்றவர்களுக்கு இரட்டிப்பாக அவசியம். ஏனென்றால் இந்த ஒவ்வொன்றுக்கும் சபையில் ஒரு விளக்கம் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். சாப்பாடு நின்றுபோகும். அடங்கிவரும் உடம்பு பசியைக் கேட்பதில்லை, பட்டினியால் தவிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். கை கால் சில்லிட்டு, முழங்காலில் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம்கூட நின்று மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதுதான் அது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையும். அந்தச் சத்தம் நமக்குக் கேட்கிற அளவுக்கு அவரை வருத்துவதில்லை. செத்துப்போன பாட்டியோடு பேசுவார், கையை வீசுவார், யாரையோ பார்த்துப் பயப்படுவது போலவும் இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனும் குறைவதால், கழிவுகள் ரத்தத்தில் சேர்வதால் வரும் குழப்பம் இது. பிசாசோடு போராடுகிறார் என்று யாராவது அந்த அறையில் பிசாசைக் 'கட்டி' உரக்க ஜெபிக்கத் தொடங்கினால், மெதுவாக வெளியே அழைத்துப் போய், 'அப்பா தூங்கட்டும் அண்ணே' என்று சொல்லுங்கள். அதிகக் குழப்பத்துக்கு மருந்து உண்டு, செவிலியரிடம் கேளுங்கள்.

சொந்தக்காரர்கள் வாயில் பால் ஊற்ற வருவார்கள். அன்பினால் வருவதுதான், ஆனால் விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கக் கொடுங்கள். அவர்களுக்கும் செய்த திருப்தி கிடைக்கும்.

ஒருவேளை அப்பா கேட்பார்: 'திரும்பி வந்துடு சாமி. மேல போய் நான் உன்னைப் பார்க்க வேணாமா?' உங்கள் நிலைமையில் இதைவிடக் கனமான கேள்வி இல்லை. இதற்குப் பொய்யும் வேண்டாம், விவாதமும் வேண்டாம். 'நான் எங்கயும் போகலப்பா. உங்க கூடத்தான் இருக்கேன். நீங்க சொல்லிக் கொடுத்த நல்லது எல்லாம் என்கிட்ட இருக்கு' என்று கையைப் பிடித்துச் சொல்லுங்கள். அவர் வசனம் படிக்கச் சொன்னால் படியுங்கள். அதனால் உங்கள் நேர்மை எதுவும் குறைந்துவிடாது. அது அவருடைய சாவு, அவருக்குப் பிடித்த சொற்களோடு போகட்டும். அடக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். அவர் விசுவாசியாகவே இறந்தால் சபை முறைப்படி அடக்க ஆராதனை நடக்கட்டும். நீங்கள் எழுந்து நிற்கலாம், பெட்டி தூக்கலாம், மண் போடலாம். பாட வேண்டாம், சாட்சி சொல்ல வேண்டாம். போதகரிடம் முன்கூட்டியே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரசங்கத்தில் என்னைக் குறிவைத்துப் பேச வேண்டாம் என்று. நேரில், வயதில் மூத்த உறவினர் ஒருவரை வைத்துக்கொண்டு கேட்டால் பலன் இருக்கும்.

உங்கள் சொந்தச் சாவுக்கோ, சபை கல்லறையில் இடம் மறுத்துவிட்டாலோ என்ன செய்வது என்பது வேறு கதை. சபைக் கல்லறைத் தோட்டம் சபையின் கையில் இருக்கும். பொது மயானம் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. சொந்தப் பட்டா நிலம் என்றாலும் அனுமதி இல்லாமல் புதைக்கக் கூடாது. ஆனால் நம் மாவட்டத்தில் பொது மயானம் என்றால் பல ஊர்களில் சாதி மயானம்தான் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்துக்காரர்கள் வழிவிடாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்தது. வாணியம்பாடி அப்போது வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. மதத்தை விட்டு வெளியே வரும்போது இந்தச் சாதி வரைபடத்துக்குள்தான் திரும்பி வருகிறோம். எந்த மயானம், வழி எது, யாரிடம் அனுமதி என்று இன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எரியூட்ட நினைத்தால் எரிவாயு மயானத்தில் சாதி கேட்பதில்லை. இறந்தவரின் ஆதார் நகலும் மருத்துவர் சான்றும் கேட்பார்கள். அங்கே தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

உடல் தானம் மூன்றாவது வழி. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும், இறந்த பிறகு குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. அதனால் மனைவி அல்லது அண்ணன் தம்பியின் கையெழுத்தைச் சாட்சியாக வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி போன்ற தொற்று இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். கண் தானம் அப்பாவுக்கும் முடியலாம், அவர் விரும்பினால்: ரத்தப் புற்றோ கண்ணில் கட்டியோ இல்லாத வரை புற்றுநோய் பொதுவாகத் தடையில்லை. 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மற்ற காரியங்கள் சுருக்கமாக. சிகிச்சைச் சுருக்கத் தாளைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இறந்தால் பார்த்துவந்த மருத்துவர் அதை வைத்துத்தான் இறப்புக் காரணச் சான்று தருவார். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் இலவச அமரர் ஊர்திக்கு 155377. வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், ஃப்ரீசர் பெட்டி இல்லாமல் உடலை ராத்திரி தாண்டி வைக்க முடியாது. மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று பெட்டிக்காரரிடமே கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டிவரும். சொத்து விஷயத்தில் யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள். கிறிஸ்தவரான அப்பா உயில் எழுதாமல் இறந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் எல்லாருக்கும் சமமாக. பிள்ளை சபைக்குப் போகிறதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

நரக பயத்துக்கு வருகிறேன். நம்பிக்கை போன பிறகும் பயம் நிற்கிறது என்றால், 'உள்ளுக்குள் நான் இன்னும் நம்புகிறேனோ' என்று குழம்பாதீர்கள். ஐந்து வயதிலிருந்து அக்கினிக் கடலைக் கேட்ட உடம்பு, அறிவு மாறிய அன்றே மாறிவிடாது. ரகசிய வருகைப் பிரசங்கம் (இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்பது) கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வெளியிலிருந்து வந்து வீடு காலியாக இருப்பதைப் பார்த்தால்கூட 'எல்லாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் மட்டும் விடப்பட்டேன்' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது பழகிய அச்சம். பழக்கம் போவது போலத்தான் போகும். பயம் வந்த நேரம், எதைப் பார்த்தபோது வந்தது, எத்தனை நிமிடம் நின்றது என்று ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். சில வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும்: பெரும்பாலும் தூக்கம் கெட்ட ராத்திரி, பழைய பாட்டு, சபை வாட்ஸப் குழுவின் குரல் பதிவு. குழுவை விட்டு வெளியேறுங்கள். நடு ராத்திரியில் கடவுள் உண்டா இல்லையா என்று உங்களோடு நீங்களே வாதாடாதீர்கள்; எழுந்து உட்கார்ந்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், பத்து முறை. இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்: 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழில் பேசலாம். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையமும் இருக்கிறது.

அழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படக் கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் பலருக்கு அழவே வராது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் காரியத்து ராத்திரி கர்ணன் சாகும் கூத்து வைப்பது சும்மா இல்லை. கர்ணனுக்காக அழுகிற சாக்கில் தம் வீட்டுச் சாவுக்கு அழ ஊருக்கு ஒரு ராத்திரி கிடைக்கிறது. உங்களுக்குச் சடங்கு வேண்டாம் என்றால் படத்திறப்பு வையுங்கள். பகுத்தறிவாளர் வீடுகளில் பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம்தான். ஒரு படம், பூ, முப்பது நாற்காலி. நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் அப்பாவைப் பற்றி மட்டும் பேச வேண்டும், கடைசியில் எல்லாருக்கும் சாப்பாடு. பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று இறந்தது அதே மிஷனரி ஆஸ்பத்திரியான சி.எம்.சி.யில்தான். நம்பாதவரும் நம்புகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அம்மாவின் ஜெபக் கூட்டம் காலையிலும் உங்கள் படத்திறப்பு மாலையிலும் ஒரே வீட்டில் நடக்கலாம்.

அடக்கம் முடிந்த முதல் மாதத்தில் சபையார் பாசத்தோடு வருவார்கள், சாப்பாடும் கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டால், 'வருடம் திரும்பும்வரை எதுவும் முடிவு செய்யவில்லை' என்று சொல்லிவிடுங்கள். டிசம்பர் 31 ராத்திரிக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊரே ஆராதனைக்குப் போய் வாக்குத்தத்த அட்டை (புது வருடத்துக்கான வேத வசனம் எழுதிய அட்டை) வாங்கி வரும் ராத்திரி அது; அப்பா இல்லாத முதல் வருடத்தில் அந்த மணிச் சத்தத்தைத் தனியாகக் கேட்க வேண்டாம். அம்மாவைச் சபையில் விட்டுவிட்டு, அந்த ஆறு பேரில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருங்கள். ஆராதனை விட்டதும் போய் அம்மாவை அழைத்து வாருங்கள்.