டெங்கு வைரஸைக் கையில் எடுத்துக் காட்டலாம்

கேள்வி: எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு டெங்கு பற்றிப் பேசப் போகிறேன். கொசுப் படம் தவிர வேறென்ன காட்டலாம்?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வைரஸையே காட்டுங்கள், அம்மா. 1971இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க் (பிடிபி) என்ற தரவுத்தளத்தின் இணையத்தளத்தில் ஆய்வாளர்கள் கண்டறிந்த புரத வடிவங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். டெங்கு வைரஸைத் தேடியெடுத்து, திரையில் பிள்ளைகளே திருப்பிப் பார்க்கட்டும். மேற்பரப்பில் ஒரே புரதம் 180 முறை, இரண்டிரண்டாக ஒட்டிப் படுத்திருக்கும். நான் வகுப்பில் காட்டியபோது, சேட்டைக்காரப் பையன்கள்கூட எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம், அந்தத் தளத்தின் பிடிபி-101 என்ற கல்விப் பகுதியில் வெட்டி ஒட்டும் டெங்கு காகித மாதிரியும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கெட்டித்தாளில் அச்சிடுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: படத்திலுள்ள நிறங்கள் நாம் பூசியவை. வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது; அதனால் அதன் நிறத்தை நாம் பார்க்க முடியாது.